டீமேக்கர் நாக்கும் மூன்று வீட்டுக் கேக்கும்

டீமேக்கர் கஜேந்திரனுக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தன் நாக்குக்கு இணையாக இன்னொரு நாக்கு இல்லை என்பது ஒன்று. அந்த நாக்கு சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டியது மற்றவர்களின் கடமை என்பது மற்றொன்று.

முதலாவதில் நியாயம் இருந்தது. ஊசிமலைத் தோட்டத்துப் பெக்டரியில் தூள் காய்ந்து இறங்கியதும் ஒரு கரண்டி தேத்தண்ணியைச் சர்ரென்று உறிஞ்சுவார். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார். வாளியில் துப்புவார். "வாடப் போட்ட கொழுந்த யாரோ சரியா கிண்டி விடல" என்பார். விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். தோட்டத்தை நடத்தும் துரையே அவர் துப்பும்வரை பேசாமல் நிற்பார்.

இரண்டாவதில்தான் சிக்கல். பெக்டரியில் செல்லுபடியான அந்த நாக்கு, மேட்டில் இருந்த குவாட்டஸ் வீட்டுக்கு ஏறி வந்ததும் வெறும் நாக்காகிவிடும். அங்கே அவருடைய மனைவி சிவசக்தியின் ஆட்சி. போட்டதைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்க வேண்டும். இடையில் தீர்ப்பு எதுவும் சொல்லக் கூடாது.

இந்த நிலைமையை மாற்றியது இங்கிலாந்து.

அவர்களுடைய ஒரே மகள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போகுமுன், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று டீவியில் இன்டர்நெட்டைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் சக்தி கண்டுபிடித்ததுதான் அந்தக் கேக் போட்டி. பச்சைப் புல்வெளி. நடுவில் வெள்ளைக் கூடாரம். உள்ளே ஒரு நர்ஸ், ஒரு லொறி டிரைவர், ஒரு பென்ஷன் வாத்தியார் என்று நம்மைப் போன்ற ஆட்கள். கேக் சுடுவார்கள். பொங்காவிட்டால் அழுவார்கள். எதிர்த்துப் போட்டி போடுகிற ஆளே ஓடி வந்து கண்ணைத் துடைத்துவிடுவார்.

முதல் நாள் கஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேக்கு அமுங்கினதுக்கா அழுவுறாங்க? பெக்டரியில மெஷின் ஒடைஞ்சப்பகூட நான் அழுவலயே."

"மெஷின ஒட்டித் தர ஆளு இருக்கு. அமுங்கின கேக்க யாரு ஒட்டித் தருவா?" என்றாள் சக்தி.

அவர் சிரிப்பதை நிறுத்தினார். கேள்வி நியாயமாகப் பட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரம் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் சக்தி அடுப்படியில் இருந்து வரும்வரை போட்டியைத் தொடங்கவிடாமல் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நர்ஸம்மா தோற்றுப் போன அன்று அவருக்குச் சோறே இறங்கவில்லை. அதற்கு முன்னால் நாலு ரொட்டி இறங்கியிருந்ததுதான் காரணம் என்று சக்தி மகளிடம் போனில் சொன்னாள்.

அந்தப் போட்டியில் அவருக்கு மிகவும் பிடித்தது நீதிபதிதான். அந்த மனுஷன் வருவார். கேக்கை விரலால் ஓர் அமுக்கு அமுக்குவார். தூக்கி அடியைப் பார்ப்பார். ஒரு துண்டை வாயில் போட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு மெல்லுவார். கூடாரமே மூச்சுவிடாது. நன்றாக இருந்தால் கையை நீட்டுவார். கை வாங்கியவர் அன்று முழுக்கத் தரையில் நடக்க மாட்டார்.

மலையில் பனி இறங்கினால் சிக்னல் போய்விடும். நீதிபதி வாயைத் திறந்த நேரம் பார்த்துப் படம் நின்று வட்டம் சுற்றும். அந்த இடைவெளியில் கஜேந்திரன் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "மாவு பச்ச. எலுமிச்சம்பழம் கூடிப்போச்சு." வட்டம் நின்று படம் வந்ததும் நீதிபதியும் கிட்டத்தட்ட அதையே சொல்வார்.

"பாத்தியா? லண்டன்காரன் எனக்குப் பிந்தித்தான் சொல்றான்."

"கேக்க திங்காமயே சொல்றீங்களே, அது எப்பிடி?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஒரு நாள் காலையில் தட்டில் விழுந்த ரொட்டியை விரலால் அமுக்கினார். பிறகு தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தார்.

"அடி சரியில்ல, சக்தி."

"எந்த அடி?"

"ரொட்டியோட அடி. வேகல."

"சரிங்க. ஒங்களுக்கு எந்த அடி சரியா இருக்கும்னு யோசிக்கிறேன்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இட்லிக்கு மதிப்பெண் போட்டார். பருப்புக் கறிக்கு "தோற்றம் நல்லாருக்கு, சுவையில ஆழம் பத்தாது" என்றார். கட்டச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு மென்றார். சக்தி அவர் பார்த்த இடத்தைத் தானும் பார்த்தாள். அங்கே ஒட்டடைதான் இருந்தது. மறுநாள் அதை அடிக்கச் சொல்லிக் கம்பை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் தீர்ப்புச் சொல்லக் கற்றுக்கொண்ட நேரத்தில் அவள் கேக் சுடக் கற்றுக்கொண்டிருந்தாள். பதுளையில் வாங்கின சின்ன ஓவன் ஒன்று. லண்டனில் கூடாரம் புழுங்குகிறது, வெண்ணெய் உருகுகிறது என்று அழுதார்கள். ஊசிமலையில் வெண்ணெயை உருக வைப்பதற்கே மல்லுக்கட்ட வேண்டும். பன்னுக்கு மாப் பிசைந்தால் பாதி நாள் கல்லு மாதிரிக் கிடக்கும். சக்தி கஜேந்திரனின் நல்ல ஸ்வெட்டரை எடுத்து மாச்சட்டிக்குப் போர்த்தி அடுப்போரம் வைத்தாள். மாவு பொங்கியது. ஸ்வெட்டரைத் தேடி வந்த கஜேந்திரனும் பொங்கினார். பன் வெந்து வாசம் வந்ததும் அடங்கினார்.

இப்படி இருக்கும்போது சக்தி ஒரு நாள் தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, பண்டாரவளையில ஆதிலான்னு ஒரு மிஸ் கேக் வகுப்பு நடத்துறாங்களாம். நல்லா சொல்லிக் குடுப்பாங்களாம். போகலாம்னு இருக்கேன்."

"நல்லதுதானே. எப்ப?"

"ஞாயித்துக்கெழம. முழு நாளும்."

கஜேந்திரனின் வாயில் இருந்த தேத்தண்ணி ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டிறைச்சி. சக்தி மிளகு அரைத்துப் போட்டு, விறகடுப்பில் மெதுவாக வேகவைத்து இறக்குகிற கறி. அதைத் தின்றுவிட்டு மாலைவரை ஒரு தூக்கம். ஆறு நாள் அவர் பெக்டரியில் உழைப்பதே இந்த ஏழாம் நாளுக்காகத்தான்.

வேண்டாம் என்று நேரே சொல்ல வழியில்லை. முந்தின நாள்தான் மகளிடம் போனில், பொம்பளைப் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பிறகும் படிக்க வேண்டும், தடுக்கிற ஆம்பளை ஆம்பளையே இல்லை என்று நீளமாகப் பேசியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதுதான் பிழை.

ஆனால் மூளை பெக்டரி மெஷின் மாதிரி ஓடியது.

"தாராளமா போ. ஆனா அங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. போய் அவமானப்படக் கூடாது பாரு. அதனால லண்டன்ல செய்ற மாதிரி செய்வோம். ஒரு போட்டி. யாரு செஞ்ச கேக்குன்னு எனக்குத் தெரியக் கூடாது. ஒன்னோட கேக்கு மொத எடத்துக்கு வந்தா நீ போ."

"நீதிபதி யாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே தன் தகுதிக்குக் குறைவு என்பதுபோல அவர் தன்னையே கை காட்டினார்.

"சட்டம் என்ன?" என்றாள் சக்தி.

"மூணு வீட்டுல சுட்ட மூணு பட்டர் கேக்கு. அந்தந்த வீட்டு ஓவன், அந்தந்த வீட்டுச் சீனி, அந்தந்த வீட்டு மா. கலப்படம் கூடாது."

"அவ்வளவுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொறகு மாத்தக் கூடாது."

"அவ்வளவுதான்."

மற்ற இரண்டு வீடுகளும் அன்றே முடிவாயின. ஒன்று, கீழே கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருப்பவரின் மனைவி முஷ்ரிபா வீடு. பெருநாளுக்கு முஷ்ரிபா சுடும் கேக்கைப் பற்றி அந்த வட்டாரமே பேசும். மற்றது, முன்பள்ளி டீச்சர் அற்புதமலர் வீடு. இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள் என்று சக்தி வந்து சொன்னாள்.

முஷ்ரிபாவின் கேக்கும் வருகிறது என்றதும் கஜேந்திரனுக்குப் பாதி நிம்மதி. ஆனாலும் அவர் எதையும் சும்மா விடுகிறவரல்ல. தப்பித் தவறிச் சக்தியின் கேக்கை நல்லது என்று சொல்லிவிட்டால்? அது எது என்று தனக்கு மட்டும் தெரிய வேண்டும். பிறகு கடைசி இடத்தில் தூக்கிப் போட்டுவிடலாம்.

சக்தி கடைக்குப் போன ஒரு பின்னேரம் அவர் அடுப்படிக்குள் நுழைந்தார். சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம். அதற்குள் பெக்டரியில் சலித்து எடுத்த, மாவைவிட மெல்லிய தேயிலைத் தூசி. சீனி டப்பாவைத் திறந்து, அதைத் தூவி, கரண்டியால் கலந்து, டப்பாவை ஆட்டி, மேலே கொஞ்சம் நல்ல சீனியைப் பரப்பி மூடினார். கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நாக்குக்கும் தெரியாது. இந்த உலகத்தில் ஒரே ஒரு நாக்குக்குத்தான் தெரியும். அந்த நாக்கு அப்போது விசிலடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குவாட்டஸின் முன்னறை கூடாரமாகிவிட்டது. மேசையில் வெள்ளை விரிப்பு. பின்வாசல் வழியாக முஷ்ரிபாவும் அற்புதமலரும் மூடிய தட்டுகளோடு வந்தார்கள். அவர்கள் அடுக்கி முடிக்கும்வரை கஜேந்திரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பியபோது மேசையில் மூன்று தட்டு, மூன்று இலக்கம். கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். பக்கத்தில் நாக்கைக் கழுவப் பிளேன்டீயும் துப்புவதற்கு வாளியும்.

"வாளி எதுக்கு அண்ணன்?" என்று முஷ்ரிபா கவலையோடு கேட்டார்.

"மொறை அது. மனசுல வெச்சுக்காதீங்க தங்கச்சி."

முதல் கேக்கை அமுக்கினார். அடியைப் பார்த்தார். மென்றார்.

"நல்ல வேலப்பாடு. தோடம்பழத் தோல் வாசம் வருது. கொஞ்சம் முந்தி எறக்கியிருக்கலாம். கொற சொல்ல ஏலாது."

தூசி இல்லை, முஷ்ரிபாவின் பேருக்கும் இது போதாது; டீச்சர் வீட்டுக் கேக் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். பிளேன்டீயால் வாயைக் கொப்பளித்தார்.

இரண்டாவது துண்டு நாக்கில் பட்டதுமே அவருக்குப் பழைய சினேகிதனைச் சந்தையில் கண்டதுபோல் இருந்தது. தன் கையால் சலித்த தூசி. தன் பெக்டரி. தன் மலை. முகத்தில் எதுவும் காட்டாமல் மென்றார். பிறகு வாளியில் துப்பினார்.

"இத செஞ்சவங்க யாரா இருந்தாலும் மன்னிக்கணும். நீதின்னா நீதிதான். இது கேக்கு இல்ல. கேக்கு மாதிரி ஒண்ணு. அடி பச்ச. மேல வறட்சி. நடுவுல ஒரு சோகம். இவங்க வகுப்புக்கெல்லாம் போய்க் கஷ்டப்பட வேணாம்னுதான் நான் சொல்லுவேன். வீட்டுல நல்ல கறி, சோறு ஆக்கலாம். அதுவும் ஒரு கலைதானே."

சக்தி தலை குனிந்து நின்றாள். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தார். மனசு கொஞ்சம் இளகியது. ஆட்டிறைச்சியை நினைத்து இறுக்கிக்கொண்டார்.

இனி மிச்சம் முஷ்ரிபாவின் கேக். தாராளமாகப் புகழலாம். ஒரு துண்டை வாயில் போட்டார். உண்மையிலேயே அசந்துபோனார். பஞ்சு மாதிரி இருந்தது. வெண்ணெய் நாக்கில் கரைந்து, கடைசியில் ஏலம் லேசாகத் தலைகாட்டிவிட்டு ஒளிந்துகொண்டது. அவர் துப்பவில்லை. இன்னொரு துண்டு எடுத்தார். மூன்றாவதுக்கும் கை போனது.

எழுந்து நின்றார்.

"இதுதான் கேக்கு. நான் கேக்குறேன், இப்பிடிப்பட்ட கைய அடுப்படிக்குள்ள பூட்டி வெக்கிறது ஞாயமா? இந்தக் கைதான் பண்டாரவளைக்குப் போகணும். இவங்க வீட்டுக்காரரு தடுத்தா நானே போய்ப் பேசுவேன். மொத எடம். என் கையும் குடுக்குறேன்."

வலது கையை முஷ்ரிபாவை நோக்கி நீட்டினார். முஷ்ரிபா சங்கடத்தோடு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக விலகினார். அந்த இடத்தில் சக்தி வந்து நின்று, நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ரொம்ப சந்தோசங்க."

"நீ ஏன் குடுக்குற? செஞ்சவங்க குடுக்கட்டும்."

"நான்தாங்க செஞ்சேன்."

கஜேந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் இலக்கத் தட்டைக் காட்டினார். "அப்ப இது யாரு?"

"அதுவும் நான்தான்."

"மொதலாவது?"

"அதுவுந்தான். மூணும் நான்தான் செஞ்சேன்."

"நாங்க தட்ட தூக்கிட்டு வந்ததுதான் அண்ணன்" என்றார் அற்புதமலர் டீச்சர், சிரிப்பை அடக்க முடியாமல்.

"இது ஏமாத்து வேல" என்றார் கஜேந்திரன். "போட்டின்னா மூணு பேரு வேணும்."

"நீங்க மூணு வீடுன்னுதானே சொன்னீங்க? ஒண்ணு முஷ்ரிபா வீட்டு ஓவன், முஷ்ரிபா வீட்டுச் சீனி. ஒண்ணு டீச்சர் வீட்டு ஓவன், டீச்சர் வீட்டுச் சீனி. ஒண்ணு நம்ம வீடு. சட்டத்துல எங்கயாவது மூணு கைன்னு இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னும் கேட்டேனே."

சக்தி இரண்டாவது தட்டைக் கையில் எடுத்தாள்.

"அது கெடக்கட்டும். இந்தக் கேக்குல என்ன கொற? அடிய பாருங்க, நல்லா வெந்திருக்கு."

"அடி இல்ல. வாசம் ஒண்ணு."

"என்ன வாசம்?"

"தூசி வாசம்."

"என்ன தூசிங்க?"

"தேயிலத் தூசி" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கு எப்போதும் உண்மையைச் சொல்லும். அதுதானே அதன் தொழில்.

"பட்டர் கேக்குக்குள்ள தேயில எப்பிடி வரும்?"

முஷ்ரிபாவும் டீச்சரும் ஆவலோடு அவரைப் பார்த்தார்கள். கஜேந்திரன் பிளேன்டீயை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"அன்னைக்குப் பின்னேரம் கடைக்குப் போயிட்டு வந்து ஒரு கப் பால் காய்ச்சினேன்" என்று சக்தி மற்ற இருவரிடமும் சாவகாசமாகச் சொன்னாள். "சீனி போட்டுக் கலக்கினேன். பால் தேத்தண்ணியாயிடுச்சு."

டீச்சர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முஷ்ரிபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த இரண்டாவது கேக்கை அவர்கள் மூன்று பேரும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தார்கள். தேயிலை வாசம்தான் அதற்கே அழகு என்று முஷ்ரிபா சொன்னார். கஜேந்திரன் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

ஆனால் அவர் விழுந்த இடத்திலேயே கிடக்கிற ஆள் அல்ல. திங்கட்கிழமை பெக்டரியில் எல்லோரிடமும் செய்தியைத் தானே சொன்னார். "வீட்டுல ஒரு போட்டி வெச்சு, சக்தியோட தெறமைய சோதிச்சுப் பாத்தேன். பாஸ் பண்ணிட்டா. வகுப்புக்கு அனுப்புறேன்." சொல்லச் சொல்ல அது அவருக்கே நிஜமாகிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை ஆகும்போது, மனைவியை முன்னேற்றுவதற்காக ஞாயிற்றுக்கிழமைக் கறியைத் தியாகம் செய்த கணவனாக அவர் மலர்ந்திருந்தார்.

"வகுப்புல எடம் இருக்கோ என்னவோ" என்றார். "நானும் வாரேன். அந்த மிஸ்கிட்ட பேசணும். நான் சொன்னா மறுக்க மாட்டாங்க."

"வாங்களேன்" என்றாள் சக்தி.

மறுநாள் காலை பதுளைக்கு வந்து பண்டாரவளை பஸ்ஸுக்கு மாறினார்கள். மிஸ்ஸிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கஜேந்திரன் வழி நெடுக ஒத்திகை பார்த்தார். தன் நாக்கு, அதன் வரலாறு, அது கொடுத்த தீர்ப்பு. தேயிலைத் தூசியை மட்டும் விட்டுவிட்டார்.

ஆதிலா மிஸ்ஸின் வகுப்பு ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் நடந்தது. வாசம் படியிலேயே வரவேற்றது. மிஸ் கதவைத் திறந்ததும் கஜேந்திரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம் மிஸ். நான் ஊசிமலை டீமேக்கர். இவங்க என் மனைவி சிவசக்தி. நானே நேர்ல சோதிச்சுத் தேர்ந்தெடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன். நீங்க எப்பிடியாவது ஒரு எடம்…"

"சிவசக்திக்கா, வாங்க வாங்க" என்றார் மிஸ், அவரைத் தாண்டிப் பார்த்து. "எங்க வரலையோன்னு பாத்தேன். நீங்க போன மாசமே பேர் குடுத்து, முழுக் காசும் கட்டினபடியா, ஒங்களுக்கு ஜன்னலோரத்து மேசையவே ஒதுக்கி வெச்சிருக்கேன். ஏப்ரனும் தெச்சாச்சு."

நீல நூலில் 'சிவசக்தி' என்று பெயர் தைத்த ஏப்ரன் ஒன்று அவள் கைக்கு வந்தது. கஜேந்திரன் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"போன மாசமேவா? என்கிட்ட கேக்குறதுக்கு முந்தியேவா?"

"ஆமாங்க."

"அப்ப எதுக்கு அந்தப் போட்டி?"

சக்தி ஏப்ரனைக் கழுத்தில் மாட்டி, முடிச்சுப் போடுவதற்காக அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நீதிபதியா இருக்கணும்னு நீங்கதான் ரொம்ப ஆசப்பட்டீங்க, பாவம்."